பத்து ரூபாய் நாணயம் செல்லுமா? கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பாப்புலியூரில் மளிகைக் கடை நடத்துகிறேன். சரக்கெடுக்கப் பாண்டி பெரிய மார்க்கெட்டுக்கும் கடலூர் முதுநகருக்கும் போய் வருவேன். போகிற இடத்திலெல்லாம் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு வாக்குவாதம் காதில் விழும். "இது ஓடாதுங்க, நோட்டா குடுங்க" என்பார் ஒருவர். "அப்ப எனக்கு மட்டும் எதுக்குத் தள்ளி விட்டாங்க" என்பார் இன்னொருவர். பத்துக்கும் இருபதுக்கும் நோட்டை விட்டுவிட்டு நாணயத்துக்கு மாறுவதுதான் நமக்கு நல்லது என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அது தானாக நடந்துவிடாது. ஏன் என்பதைக் கடையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

பத்து ரூபாய் நாணயம் செல்லுமா, செல்லாதா?

செல்லும். இதுவரை வெளியான எல்லா பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதுவரை 14 விதமான வடிவமைப்புகளில் பத்து ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, பதினான்கும் செல்லுபடியாகும் என்று அதில் சொன்னார்கள். '₹' குறி ஒன்றில் இருக்கிறதே, இன்னொன்றில் இல்லையே, ஒன்றில் 10 கோடு இன்னொன்றில் 15 கோடு இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். ரூபாய்க்கான புதிய குறியீடு 2010 ஜூலையில்தான் முடிவானது, 2011-லிருந்துதான் நாணயத்தில் ஏறியது, அதற்கு முன்னால் அடித்த காசில் அந்தக் குறி எப்படி இருக்கும்? தலைவர்கள் பிறந்தநாள், நிறுவனங்களின் நூற்றாண்டு என்று சிறப்பு வெளியீடுகளும் உண்டு, அவற்றில் படம் வேறாக இருக்கும். அதனால் ஒன்று போலி என்று ஆகிவிடாது.

பிறகு இந்தப் புரளி எங்கிருந்து கிளம்பியது?

2016-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் டெல்லிப் பக்கம் போலி நாணயம் அடித்த கும்பல் பிடிபட்ட செய்தி வந்தது. அடுத்து நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். பணம் ஒரே ராத்திரியில் பணமாக இல்லாமல் போகும் என்பதைக் கண்ணால் பார்த்த ஜனம் அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் நம்பத் தயாராக இருந்தது, "பத்து ரூபாய் காசும் செல்லாதாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் போதும், மறுநாள் சந்தையில் வாங்க ஆள் இருக்காது. ரிசர்வ் வங்கி அந்த நவம்பரிலேயே மறுப்பு வெளியிட்டது. மறுப்பு ஆங்கிலத்தில் வந்தது, புரளி தமிழில் வந்தது, எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2022-ல் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் ஆறு லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயமாகவே சேர்த்து, மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்ச் சேலத்தில் கார் வாங்கினார். பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அவர் அம்மா கடை வைத்திருக்கிறார், கடையில் சேர்ந்த காசை யாரும் வாங்கவில்லை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதை வைத்து விளையாடிக் கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்ததாகச் சொன்னார். எனக்கு அந்தக் காரை விட அந்தப் பிள்ளைகள்தான் மனதில் நிற்கிறார்கள். அரசாங்கம் அடித்த காசு விளையாட்டுச் சாமானாகிற அளவுக்கு ஒரு புரளி வேலை செய்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம். ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரை செல்லும், ஐம்பது காசு பத்து ரூபாய் வரை செல்லும். ஆயிரத்துக்கு மேல் காசாகவே கொட்டினால் வாங்க மாட்டேன் என்று சொல்லலாம், அது தப்பில்லை. 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டன. ஐம்பது காசு இன்னும் சட்டப்படி உயிரோடு இருக்கிறது, கடைகளில்தான் அதை மதிப்பதில்லை.

நாணயத்தை அடிப்பது மத்திய அரசு. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என்று நான்கு இடத்தில் அரசு நாணயச்சாலைகள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி அதை வங்கிகள் வழியாக வெளியே விடுகிறது, அவ்வளவுதான். பாண்டி யூனியன் பிரதேசம், கடலூர் தமிழ்நாடு, அதனால் அங்கே ஒரு மாதிரி இங்கே ஒரு மாதிரி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கிடையாது. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறலாம், பத்து ரூபாயின் மதிப்பு மாறாது.

செல்லும் என்றால் கடைக்காரர் ஏன் வாங்க மறுக்கிறார்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மறுக்கிறவர் சட்டம் தெரியாதவர் என்றோ பிடிவாதக்காரர் என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு பூக்கார அக்கா காலையில் ஐந்நூறு ரூபாய்க்கு மொத்தப் பூ வாங்கி வருகிறார். நாள் முழுக்க முழம் போட்டு விற்று, சாயங்காலம் கையில் இருப்பதில் பாதி பத்து ரூபாய் காசு. மறுநாள் விடியற்காலை மொத்த வியாபாரியிடம் போனால் அவர் காசு வேண்டாம் என்கிறார். மொத்த வியாபாரி ஏன் வேண்டாம் என்கிறார்? அவருக்குப் பூ கொண்டுவரும் வண்டிக்காரர் வாங்குவதில்லை. வண்டிக்காரர் ஏன் வாங்குவதில்லை? வழியில் டீக்கடையில் எடுக்கவில்லை. இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் நிற்பது அந்தப் பூக்கார அக்காதான், இருநூறு ரூபாய் காசைச் சுருக்குப் பையில் முடிந்து வைத்துக்கொண்டு. மறுநாள் பூ வாங்க அவருக்கு முதலீடே அந்த இருநூறுதான்.

ஆக, நான் வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது நான் இல்லை, என்னிடமிருந்து வாங்கப் போகிறவர். எனக்கு அடுத்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கை இருந்தால் நானும் வாங்குவேன். நோட்டில் அந்த நம்பிக்கை இருக்கிறது, அழுக்காக இருந்தாலும். நாணயத்தில் அது அறுந்து போய்விட்டது. சட்டத்தைக் காட்டி மிரட்டினால் அறுந்தது ஒட்டாது. யாராவது நிச்சயமாக வாங்கிக்கொள்ளும் இடம் நாலைந்து இருந்தால் ஒட்டும். வங்கி, பேருந்து, ரேஷன் கடை, மின்கட்டண அலுவலகம், ஆவின் பூத். இந்த இடங்களில் முகம் சுளிக்காமல் வாங்கினால் போதும், பூக்கார அக்காவுக்கு தைரியம் வந்துவிடும்.

வங்கியிலேயே வாங்க மாட்டேன் என்கிறார்களே?

சொல்லக் கூடாது. எல்லா வங்கிகளும் எல்லாக் கிளைகளிலும் நாணயத்தை வாங்க வேண்டும், கணக்கில் கட்டினாலும் சரி, நோட்டாக மாற்றிக் கேட்டாலும் சரி, இது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஒன்று, இரண்டு ரூபாய் காசுகளை நூறு நூறாகப் பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தால் அவர்களுக்கும் எண்ணச் சுலபம், எடை போட்டும் வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கணக்கில் எவ்வளவு காசு கட்டலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை.

ஆனால் கவுண்டரில் நடப்பது வேறு. நான் கணக்கு வைத்திருக்கிற கிளை ஒன்றில் பையைத் திறப்பதற்கு முன்பே "இன்னைக்கு ஆள் இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அடுத்த வாரமும் அதே பதில். எழுத்தில் கொடுங்கள், மேனேஜர் கையெழுத்தோடு, காசை வாங்க முடியாது என்று ஒரு வரி போதும் என்று நின்றேன். பத்து நிமிடத்தில் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஊழியர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, ஒரு கவுண்டரில் ஒருவர் உட்கார்ந்து பாஸ்புக்கும் பார்த்துக் காசும் எண்ண வேண்டும் என்றால் அவரும்தான் என்ன செய்வார். எண்ணும் மெஷின் ஒன்று வாங்கி வைத்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது.

அப்படியும் மறுத்தால் முதலில் அந்த வங்கியிலேயே எழுத்துமூலமாகப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரிலிருந்து எல்லா வங்கிகளுக்கும் சேர்த்து ஒரே திட்டமாக்கியிருக்கிறார்கள், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

ஐந்து ரூபாய் காசை எல்லோரும் வாங்குகிறார்களே, பத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

ஐந்துக்கு மாற்று இல்லை, அதுதான் காரணம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நோட்டுகளை அச்சடிப்பதை 1994, 95 வாக்கில் நிறுத்தினார்கள். அப்புறம் ஐந்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய் நோட்டும் கொஞ்சம் கொஞ்சம் அச்சானது உண்மைதான், ஆனால் கடைத்தெருவில் அவை கண்ணில் படுவதே அபூர்வம். அதனால் ஐந்து என்றால் காசு என்று கை பழகிவிட்டது, யாரும் யோசிப்பதில்லை. பத்தில் அப்படி இல்லை. நாணயமும் வருகிறது, நோட்டும் வருகிறது. 2018-ல் கோனார்க் சூரியக்கோயில் சக்கரம் போட்ட பழுப்பு நோட்டு புதிதாக வந்தது. இரண்டும் கையில் இருக்கும்போது யாராக இருந்தாலும் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு காசைத் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். எல்லோரும் தள்ளிவிடப் பார்த்தால் வாங்குவது யார்?

வெளிநாடுகளில் எப்படிச் செய்தார்கள்?

நோட்டை நிறுத்தினார்கள், வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் ஒரு பவுண்டு நாணயம் 1983 ஏப்ரலில் வந்தது. வந்த புதிதில் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, கனம், சின்னது, தொலைந்துவிடும் என்று நம் ஆட்கள் சொல்வதையேதான் அவர்களும் சொன்னார்கள். 1988 மார்ச்சில் ஒரு பவுண்டு நோட்டைத் திரும்பப் பெற்றார்கள். பேச்சு அடங்கிவிட்டது. கனடா 1987-ல் ஒரு டாலர் நாணயம் கொண்டுவந்து, 1989-ல் நோட்டை நிறுத்தியது, அது நன்றாகப் போனதும் 1996-ல் இரண்டு டாலருக்கும் அதையே செய்தது. ஆஸ்திரேலியாவில் 1984-ல் ஒரு டாலர், 1988-ல் இரண்டு டாலர். ஜப்பானில் 500 யென் நாணயம் 1982-லிருந்து ஓடுகிறது.

அமெரிக்காவைப் பாருங்கள். 1979-ல் ஒரு தடவை, 2000-ல் ஒரு தடவை, 2007-ல் ஒரு தடவை என்று புதுப்புது டாலர் நாணயம் விட்டுப் பார்த்தார்கள். முகம் மாற்றினார்கள், நிறம் மாற்றினார்கள், முன்னாள் ஜனாதிபதிகளை வரிசையாகப் போட்டார்கள். ஒரு டாலர் நோட்டை மட்டும் நிறுத்தவில்லை. காசு வெளியே போன வேகத்தில் வங்கிக்குத் திரும்பி வந்தது, நூறு கோடிக்கு மேல் நாணயம் பெட்டகத்தில் தூங்கிக் கிடந்தது, 2011 டிசம்பரில் புழக்கத்துக்காக அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். நம் பத்து ரூபாய் நாணயம் இப்போது போய்க்கொண்டிருப்பது அமெரிக்க வழியில், அதுதான் என் கவலை.

நாணயம் அடிக்கத்தான் செலவு அதிகமாமே?

அடிக்கும் அன்றைக்குப் பார்த்தால் அதிகம்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2018-ல் வெளிவந்த கணக்குப்படி பத்து ரூபாய் நாணயம் ஒன்றுக்கு 5 ரூபாய் 54 காசு ஆனது. பத்து ரூபாய் நோட்டு அச்சடிக்க ஏறக்குறைய ஒரு ரூபாய்தான். ஆனால் நோட்டு எத்தனை நாள் தாங்குகிறது? கைமாறிக்கொண்டே இருக்கிற சின்ன நோட்டு ஒரு வருடம் ஓடினாலே பெரிது. நாணயம் இருபது வருடத்துக்குக் குறையாமல் ஓடும். இருபது வருடத்துக்கு இருபது நோட்டு, அதோடு அதை வங்கியில் பிரித்து, திரும்ப அனுப்பி, மெஷினில் சோதித்து, தூளாக்கி அழிக்கிற செலவு. ஐந்தரை ரூபாய் அதன் முன்னால் எங்கே நிற்கிறது!

ஒரு விஷயத்தில் அரசாங்கம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நாணயத்தில் உள்ள உலோகத்தின் விலை அதன் முகமதிப்பைத் தாண்டக் கூடாது. பழைய தடித்த ஐந்து ரூபாய் காசு ஞாபகம் இருக்கிறதா, ஒன்பது கிராம், தாமிரமும் நிக்கலும் கலந்தது? அதை உருக்கி பிளேடு செய்வதற்காக எல்லை தாண்டிக் கடத்தினார்கள் என்று செய்திகள் வந்தன. பிறகு எவர்சில்வருக்கு மாற்றினார்கள். நாணயத்தை உருக்கினாலோ அழித்தாலோ ஏழு வருடம் வரை சிறை என்று 2011 சட்டத்தில் இருக்கிறது.

நோட்டில் அப்படி என்ன குறை?

முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் முடிகிற நேரத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். மீன்காரம்மாவின் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலாக மடித்த பத்து ரூபாய் நோட்டுகள். எடுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும், விரலை ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிரிப்பார். மடிப்பு விழுந்த இடத்தில் சாயம் போய் வெள்ளைக் கோடு, நடுவில் சிலுவை மாதிரி. சக்கரம் இருந்த இடம் மழமழவென்று தேய்ந்திருக்கும். ஒரு மூலை இருக்காது, இன்னொரு மூலையில் செல்லோ டேப், அந்த டேப்பில் ஒரு செதிலும் ஒட்டியிருக்கும். அந்த நோட்டு மீன் விற்ற கையிலிருந்து டீக்கடைக்கு வந்து, அங்கே வடை எடுக்கும் கைக்குப் போகிறது. நாணயமாக இருந்தால் ஒரு குவளைத் தண்ணீரில் போட்டு எடுத்தால் வேலை முடிந்தது. உப்புக்காற்று அடிக்கிற ஊரில், ஈரத்தில் நின்று பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு, காகிதத்தைக் கொடுத்துப் பணம் என்று சொல்வது நியாயமாகவே இல்லை.

கையில் உள்ள கிழிந்த நோட்டை என்ன செய்வது?

எந்த வங்கிக்கும் கொண்டுபோங்கள், அங்கே கணக்கு இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. இருபது ரூபாய் வரையிலான நோட்டு என்றால், கிழியாமல் ஒரே துண்டாக இருக்கும் பெரிய பகுதி பாதிக்கு மேல் இருந்தால் முழுப்பணமும் தர வேண்டும். கமிஷனுக்கு மாற்றித் தருகிறவர்களிடம் போய் ஏமாறாதீர்கள்.

இவ்வளவு காசைச் சுமந்துகொண்டு எப்படி நடப்பது?

பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏழே முக்கால் கிராம். நூறு காசு சேர்ந்தால் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஆயிரம் ரூபாயை யாரும் பத்து ரூபாய் காசாக எடுத்துக்கொண்டு நடக்கப் போவதில்லை. ஒரு வீட்டுக்காரர் பையில் ஐந்தாறு காசு இருக்கும், ஐம்பது கிராம் தேறாது, சாவிக்கொத்தே அதை விடக் கனம். கனம் கடைக்காரருக்குத்தான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்லாவில் காசு தனித்தனிக் கிண்ணத்தில் கிடந்தால் மீதி கொடுக்கிற வேகமே வேறு. காற்றில் பறக்காது, எச்சில் தொட்டு எண்ண வேண்டாம்.

இருபது ரூபாய் நாணயம் பார்த்தேன், பத்தோடு குழம்பிவிடாதா?

2019-ல் அறிவித்து, அடுத்த வருடம் கைக்கு வந்தது. இரண்டுக்கும் விட்டம் ஒன்றுதான், 27 மில்லிமீட்டர். ஆனால் குழப்பமே வேண்டாம். பத்து வட்டம், வெளியே மஞ்சள் வளையம், நடுவில் வெள்ளை. இருபது அதற்கு நேர் எதிர், வெளியே வெள்ளை, நடுவில் மஞ்சள், ஓரம் பன்னிரண்டு முனையாக இருக்கும். இருட்டில் பைக்குள் கைவிட்டாலே தெரியும். 2019-ல் அறிவித்த அந்தப் புது நாணயத் தொடரையே கண்பார்வை இல்லாதவர்கள் தடவிப் பார்த்து அடையாளம் காணும்படி, மதிப்பு கூடக்கூட எடையும் கூடும்படி வடிவமைத்தார்கள். எங்கள் தெருவில் பார்வையற்ற ஒரு பெரியவர் ஊதுபத்தி விற்கிறார். நோட்டு என்றால் பக்கத்தில் நிற்பவரிடம் "எவ்வளவுன்னு பாருப்பா" என்று கேட்டாக வேண்டும். காசு என்றால் கட்டை விரலால் ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தானே மீதி கொடுக்கிறார். நோட்டை அடையாளம் காண ரிசர்வ் வங்கி 2020-ல் மணி என்று ஒரு செயலி விட்டிருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் ஊதுபத்தி விற்கிறவர் ஒவ்வொரு நோட்டுக்கும் போனை எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

எல்லாம் ஜிபேயில் போகிறது, இனி காசு எதற்கு?

என் கடையிலும் கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறேன், பாதிக்கு மேல் அதில்தான் வருகிறது. நல்லதுதான். ஆனால் யார் அதில் கொடுப்பதில்லை என்று பாருங்கள். ஐந்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை கொத்தமல்லி வாங்க வரும் ஆயா, பேனா வாங்க வரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, நூறு நாள் வேலைக்குப் போய்வரும் அம்மாக்கள். அவர்கள் கையில்தான் பத்தும் இருபதும் புரள்கிறது.

அப்புறம் நம் ஊர் புயல் ஊர். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்தபோது கடலூரில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று கேட்டால் ஒவ்வொரு தெருவும் ஒரு கணக்குச் சொல்லும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் பாண்டிப் பக்கம் கரை கடந்தது, பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம். கரண்ட் போய், டவர் போய், போனில் சார்ஜ் போனபின் ஸ்கேன் செய்ய எதுவும் இல்லை. அன்றைக்கு ஒரு பாக்கெட் பாலும் ஒரு மெழுகுவத்தியும் வாங்கக் கையில் காசு வேண்டும், அது நனைந்தாலும் கெடாத காசாக இருந்தால் நல்லது.

பிளாஸ்டிக் நோட்டு விட்டால் போதாதா?

பத்து ரூபாய் பிளாஸ்டிக் நோட்டை ஐந்து ஊர்களில் சோதித்துப் பார்க்கப் போவதாக ஒரு காலத்தில் அரசு சொன்னது. நம் கைக்கு எதுவும் வந்து சேரவில்லை. நாணயம் ஏற்கெனவே அடித்துக் கையில் இருக்கிறது, இருப்பதை முதலில் ஓட விடுவோம்.

பாண்டியில் முன்பு தனிக் காசு ஓடியதாமே?

ஆமாம். பிரெஞ்சுக்காரர்கள் 1736-ல் ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில் பாண்டிச்சேரியில் நாணயம் அடிக்க அனுமதி வாங்கினார்கள். ஆற்காட்டு ரூபாயைப் போலவே வெள்ளி ரூபாய் அடித்தார்கள், சில்லறைக்குப் பணம், துட்டு, காசு என்று உள்ளூர்க் கணக்கிலேயே சின்ன நாணயங்களையும் விட்டார்கள். பின்னாளில் எட்டுப் பணம் ஒரு ரூபாய் என்று கணக்கு. 1870-களின் கடைசியில் இந்தோ-சீன வங்கி இங்கே கிளை திறந்து ரூபாய் நோட்டும் வெளியிட்டது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தபிறகு அந்தக் கதை முடிந்தது. அந்த நோட்டு வந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுதான் ஆகிறது, அதற்கு முன் மார்க்கெட் பெரும்பாலும் உலோகத்தில்தான் நடந்தது.

பழைய ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறார்களாமே?

ஏமாற்று வேலை. "அந்தக் காசு இருந்தால் போட்டோ அனுப்புங்கள், ஐந்து லட்சம்" என்பார்கள், அனுப்பினால் ரிசர்வ் வங்கிக் கட்டணம், வரி என்று முதலில் உங்களிடம் பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது, அப்படிக் கட்டணமோ கமிஷனோ கேட்க யாருக்கும் தாங்கள் அதிகாரம் கொடுக்கவில்லை என்று. வீட்டில் வயதானவர்களுக்குத் தயவுசெய்து சொல்லி வையுங்கள்.

கடைக்குச் சில்லறை எங்கே கிடைக்கும்? கமிஷன் கேட்கிறார்களே?

ஒரு பக்கம் ஓடவில்லை என்று காசு முடங்கிக் கிடக்கிறது, இன்னொரு பக்கம் சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுக்கிறார்கள், நூறு ரூபாய் சில்லறைக்குக் கமிஷன் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஊரில் ஒரே நாளில் நடக்கிறது. வங்கியில் கேளுங்கள், கொடுப்பார்கள், கொடுக்க வேண்டும். உண்டியல் எண்ணுகிற நாட்களில் பாடலீஸ்வரர் கோயில், திருவந்திபுரம் போன்ற இடங்களிலிருந்து வரும் காணிக்கைக் காசு வங்கிக்குத்தான் போகிறது, அந்தச் சமயத்தில் வங்கியில் கேட்டால் கிடைக்கும். 2023 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல யோசனை அறிவித்தது. யுபிஐயில் ஸ்கேன் செய்தால் கணக்கில் பிடித்துக்கொண்டு நாணயம் கொட்டுகிற மெஷின், 12 நகரங்களில் சோதனையாக. பாண்டி பஸ் ஸ்டாண்டில் ஒன்று, கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒன்று வைத்தால் எவ்வளவு உபயோகமாக இருக்கும்!

சரி, பத்து ரூபாய் நோட்டையே நிறுத்திவிடச் சொல்கிறீர்களா?

ஆமாம், அதைத்தான் சொல்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் அறிவித்து அல்ல. முதலில் புதுப் பத்து ரூபாய் நோட்டு அச்சடிப்பதை நிறுத்த வேண்டும். கையில் இருக்கிற நோட்டு செல்லும், அது தேயத் தேய வங்கிக்குப் போகட்டும், அந்த இடத்தில் நாணயம் வரட்டும். ஒன்றும் இரண்டும் ஐந்தும் அப்படித்தான் மாறின, யாருக்கும் ஒரு பைசா நஷ்டம் இல்லை. பழைய நோட்டை மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதி என்று ஒன்று வைக்கவே கூடாது, வைத்தால் மறுபடியும் அந்தப் பூக்கார அக்காதான் வரிசையில் நிற்பார். இருபது ரூபாய்க்குப் பத்து பழகிய பிறகு போகலாம், அவசரம் இல்லை. ஐம்பதுக்கு நாணயம் தேவையில்லை என்று நினைக்கிறேன், அது அவ்வளவு கைமாறுவதில்லை.

அறிவிப்பு தமிழில், மாவட்ட ஆட்சியர் பெயரில், ஒவ்வொரு பேருந்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டப்பட வேண்டும். கண்டக்டர் வாங்கினால் ஊரே வாங்கும். கண்டக்டரிடம் "டிப்போவில் கட்டும்போது வாங்க மாட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்" என்ற உத்தரவாதத்தை நிர்வாகம் கொடுத்தால் அவர் ஏன் மறுக்கப் போகிறார்?

அதுவரை நான் என்ன செய்யலாம்?

வாங்குங்கள், கொடுங்கள். என் கடையில் பத்து, இருபது நாணயம் வாங்குகிறோம் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன், மீதி கொடுக்கும்போது "காசா தரட்டுமா, நோட்டா தரட்டுமா" என்று கேட்டுவிட்டே கொடுக்கிறேன். வேண்டாம் என்கிறவரிடம் திணிப்பதில்லை. பக்கத்து டீக்கடையிலும் காய்கறிக் கடையிலும் பேசி வைத்திருக்கிறோம், ஒருவர் கொடுத்தால் இன்னொருவர் மறுக்காமல் வாங்குவது என்று. நாலு கடை சேர்ந்தாலே அந்தத் தெருவில் காசு ஓட ஆரம்பித்துவிடும், உங்கள் தெருவிலும் செய்து பாருங்கள்.

மிஞ்சுவதை வங்கியில் கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று. நூறு நூறாக எண்ணி ஒரே மதிப்புள்ளதை ஒரே பையில் போட்டு, வெளியே எவ்வளவு என்று எழுதி எடுத்துப் போங்கள். மாதத்தின் முதல் வாரம் சம்பளம், பென்ஷன் கூட்டமாக இருக்கும், அப்போது போகாதீர்கள். மூன்றாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போனால் கவுண்டரில் இருப்பவருக்கும் பொறுமை இருக்கும், உங்களுக்கும் சீக்கிரம் வேலை முடியும்.